திருக்கனூர் டு டோக்கியோ: அரைக் கிணறு தாண்டினால் போதுமா?

திருக்கனூர் என்றதும் புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது காகிதக்கூழ் பொம்மைகள். பழைய காகிதத்தை ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் தீட்டினால் பொம்மை ரெடி. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டைப் போலவே இந்தக் கைவினையும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது.

ஜப்பானிலும் காகிதத்தில் ஒரு பொம்மை செய்கிறார்கள். பெயர் ‘தருமா’. உருண்டையாக, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், கை கால் இல்லாமல் இருக்கும். நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி, சாய்த்துவிட்டால் தானாக நிமிர்ந்துகொள்ளும். ‘தருமா’ வேறு யாருமல்ல, ‘ஏழாம் அறிவு’ படம் மூலம் நம் குழந்தைகளுக்கும் தெரிந்துபோன போதிதர்மர்தான். காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் அதே போதிதர்மர்.

இந்தப் பொம்மைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையில் வாங்கும்போது இரண்டு கண்ணும் வெறும் வெள்ளையாக இருக்கும். ஒரு காரியத்தைத் தொடங்கும்போது ஒரு கண்ணை மட்டும் வரைவார்கள். காரியம் முடிந்த பிறகுதான் அடுத்த கண். பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களின் மேஜையில் ஒற்றைக் கண் தருமா உட்கார்ந்திருப்பது அங்கே சகஜம்.

பள்ளியில் ஜப்பானிய மொழியைத் தொடங்குவதும் இப்படித்தான். முதல் கண்ணை வரைவது சுலபம். இரண்டாவது கண் வரைகிற நாள்வரை கூடவே நிற்பதுதான் கஷ்டம்.

ஏன் திடீரென்று ஜப்பான்?

ஜப்பானில் முதியவர்கள் அதிகம், வேலை செய்யும் வயதுக்காரர்கள் குறைவு. அதனால் 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ என்கிற புதிய விசாவைக் கொண்டுவந்தார்கள். முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டுமானம் என்று பல துறைகளுக்கு இது பொருந்தும். 2021 ஜனவரியில் இதற்காக இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 2025 ஆகஸ்டில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் சந்தித்தபோது இன்னொரு இலக்கும் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் திறன் படைத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது இலக்கு.

செய்தி வந்தால் ரீல்ஸும் வரும். ‘மூணே மாசத்துல ஜப்பான்’ ரக விளம்பரங்கள் போனில் வந்து விழுகின்றன.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, மண்ணாடிப்பட்டு கொம்யூனில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது திருக்கனூர். அங்கே பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண். டோரேமானும் ஷின்-சானும் பார்த்து வளர்ந்தவள். அப்பாவுக்கு விவசாய வேலை. அம்மாவுக்கு, மகள் நர்ஸிங் படித்து வெளிநாடு போக வேண்டும் என்று ஆசை. அம்மாவின் போனில் அந்த விளம்பரம் வருகிறது.

இந்த வீட்டுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. படிப்பை முடித்த பிறகு கடனை வாங்கி ஏதோ ஒரு சென்டரில் சேர்வது ஒன்று. பள்ளியிலேயே, செலவில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக அந்த மொழியைக் கற்றுக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வழி திறந்திருந்தால் முதல் வழிக்குப் போக வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். அந்த வழியைத் திறப்பதில் என்ன சிக்கல்?

தமிழ்ப் பிள்ளைக்கு இது கஷ்டமான மொழியா?

முதலில் ஒரு நல்ல செய்தி. ‘உலகத்திலேயே கஷ்டமான மொழி ஜப்பானிய மொழி’ என்று இணையத்தில் அடிக்கடி படிக்கிறோம் இல்லையா? அது பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களின் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி பழக 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிடுகிறது. பிரெஞ்சுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். வாக்கியத்தைத் தலைகீழாக யோசிக்க வேண்டியிருப்பது அவர்களுடைய தலைவலிகளில் முக்கியமான ஒன்று. நமக்கு அந்தத் தலைவலி இல்லை.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

‘திருக்கனூர் கரா புதுச்சேரி மதே பஸு தே இகிமாஸ்.’

‘கரா’ என்றால் இருந்து. ‘மதே’ என்றால் வரை. ‘தே’ என்றால் இல். ‘இகிமாஸ்’ என்றால் போகிறேன். வார்த்தைக்கு வார்த்தை வைத்தால், ‘திருக்கனூரிலிருந்து புதுச்சேரி வரை பஸ்ஸில் போகிறேன்.’ ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், மொத்த வரிசையும் புரண்டுவிடும்.

‘பஸு’ என்பதையும் கவனியுங்கள். நம் ஊர்ப் பேச்சில் ‘பஸ்ஸு’, ‘காரு’ என்று கடைசியில் ஓர் உகரம் சேர்க்கிறோம். ஜப்பானியர்களும் அப்படியேதான் சேர்க்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. ‘தபெதே’ என்றால் சாப்பிட்டு. ‘மிரு’ என்றால் பார். ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்! முயற்சி செய்து பார் என்கிற பொருளில் ‘பார்’ என்ற வினையைத் தமிழர்களைப் போலவே அவர்களும் பயன்படுத்துகிறார்கள். ‘கினோ கத்தா ஹோன்’ என்றால் நேற்று வாங்கிய புத்தகம். நம் பெயரெச்சம் எப்படிப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறதோ, அதே இடம்.

ஜப்பானிய மொழியில் ‘கொரே’, ‘சொரே’, ‘அரே’, ‘தொரே’ என்று நான்கு சொற்கள் உண்டு. என் பக்கத்தில் இருப்பது, உங்கள் பக்கத்தில் இருப்பது, இருவருக்கும் தூரத்தில் இருப்பது, எது என்று கேட்பது. ஆங்கிலப் பிள்ளைக்கு நடுவில் இருப்பது குழப்பும். தமிழில் இது, உது, அது, எது என்று நாலும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் ‘உது’ இன்றும் பேச்சில் இருக்கிறது.

உச்சரிப்பிலும் நமக்குக் கொஞ்சம் லாபம். ‘ஒபசான்’ என்றால் அத்தை அல்லது சித்தி. ‘ஒபாசான்’ என்று நீட்டினால் பாட்டி! குறில் நெடில் பழகாதவர்கள் சித்தியைப் பாட்டியாக்கிவிடுவார்கள். ‘கிதே’ என்றால் வந்து. ‘கித்தே’ என்று ஒற்று போட்டால் தபால்தலை. ‘படு’வுக்கும் ‘பட்டு’க்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதல்ல. ‘வா’, ‘வாங்க’ என்று ஆளுக்கேற்ற மாதிரி மாற்றிப் பேசிப் பழகிய பிள்ளைக்கு, மரியாதைக்கு ஒரு வினைவடிவம், நண்பனுக்கு ஒரு வினைவடிவம் என்பதும் அதிசயமாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒற்றுமைகளைப் பார்த்து, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் ரத்த உறவு என்றே வாதிட்டவர் சுசுமு ஓனோ என்கிற ஜப்பானிய மொழியறிஞர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தூரத்துத் தேசங்களில் இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே மாதிரி வாக்கியம் அமைக்கலாம். அதற்கு அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வகுப்பறைக்கு உறவு தேவையில்லை, ஒற்றுமை போதும்.

லாபத்தை இழக்கும் வகுப்பறை

பிறகு எங்கே சிக்கல்? இந்த லாபம் முழுவதும் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதுதான் முதல் சிக்கல்.

ஜப்பானிய மொழிக்கான பாடப்புத்தகங்களில் இங்கே புழங்குபவை பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு வருபவை. ‘தே’ என்ற உருபை ஆங்கிலத்தில் விளக்க நாலைந்து சொற்கள் தேவைப்படும். பஸ்ஸில் போவதற்கு ஒரு சொல், வீட்டில் படிப்பதற்கு ஒரு சொல், பேனாவால் எழுதுவதற்கு ஒரு சொல். தமிழில் ‘இல்’, ‘ஆல்’ என்றால் வேலை முடிந்தது. தமிழில் யோசிக்கிற பிள்ளை, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜப்பானிய மொழிக்கு மாற்றுவது, வில்லியனூர் போக வேண்டியவர் விழுப்புரம் போய்த் திரும்பி வருவது மாதிரி.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டிலிருந்து சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. சி.பி.எஸ்.இ.யின் மொழிப் பாடப் பட்டியலில் ஜப்பானிய மொழியும் இருக்கிறது. அதாவது காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால், எந்தப் பள்ளி தொடங்கினாலும் பயிற்றுமொழி ஆங்கிலமாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தோடு ஏற்கெனவே மல்லுக்கட்டும் கிராமத்துப் பிள்ளைக்கு, ஜப்பானிய மொழி இன்னொரு ஆங்கில பாடமாகவே தெரியும். ‘இதை நம்ம தமிழ்ல வச்சுப் பாருங்க’ என்று சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் நிலைமை வேறு.

அதற்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் ஆகுமா? அதுவும் ஆகாது. இங்கேதான் இரண்டாவது சிக்கல். ஜப்பானிய மொழியில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு ஒலி. தங்கத்தில் ‘கடல்’ என்பதன் க. வெள்ளியில் ‘கங்கா’ என்ற பெயரின் முதல் க. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கின்’! நோட்டில் தமிழில் எழுதி வைத்த பிள்ளை, பரீட்சையில் தங்கத்தை வெள்ளியாக்கிவிடும். க, ச, ட, த, ப எல்லாவற்றிலும் இதே வம்பு உண்டு. இலக்கணத்தைத் தமிழில் புரிந்துகொள்ளலாம். எழுத்தை அவர்களுடைய எழுத்திலேயே படிக்க வேண்டும்.

எழுத்து என்னும் மலை

ஜப்பானிய மொழியில் மூன்று வகை எழுத்துகள் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். ஹிரகானா, அடிப்படை எழுத்துகள் 46. கதகானா, அதுவும் 46. வெளிநாட்டுச் சொற்களை எழுதுவது பெரும்பாலும் இதில்தான். இந்த இரண்டும் மிரட்டாது. 247 எழுத்துகளைப் படித்த தமிழ்ப் பிள்ளை, தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஓரிரு மாதத்தில் இரண்டையும் பிடித்துவிடலாம்.

மூன்றாவது ‘கான்ஜி’. சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு பட்டியலிட்டிருப்பவை 2,136. இதில் விளையாட்டும் உண்டு. ஒரு மரம் வரைந்தால் மரம். இரண்டு மரம் சேர்த்து வரைந்தால் தோப்பு. மூன்று மரம் வரைந்தால் காடு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்கும் இடம் இது.

சிரிப்பு நிற்கும் இடமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை ‘நிச்சியோபி’ என்பார்கள். அதை எழுத மூன்று கான்ஜி தேவை. அதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான், ‘நாள்’ அல்லது ‘சூரியன்’ என்ற பொருள் தரும் எழுத்து. முதலில் வரும்போது ‘நிச்சி’ என்று படிக்க வேண்டும். கடைசியில் வரும்போது ‘பி’ என்று படிக்க வேண்டும். எழுதியதை எழுதியபடியே படித்துப் பழகிய பிள்ளைக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும்.

ஜப்பானியக் குழந்தைகளே 1,026 கான்ஜியைக் கற்க ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வீதியெங்கும் பலகை, வீடெங்கும் புத்தகம். நம் ஊர்ப் பிள்ளைக்கு வாரத்தில் ஓரிரு பீரியட் மட்டுமே. கோடு போடும் வரிசை சரியா என்று பார்க்க, நாற்பது நோட்டையும் ஒரே ஆசிரியர் திருத்த வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஜப்பானிய மொழிக்கு உலக அளவில் நடக்கும் தேர்வு ஜே.எல்.பி.டி. ஐந்து நிலைகள் உண்டு. என்5 அடிவாசல், என்1 உச்சி. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையும் ஒரு தேர்வு மையம். மேலே சொன்ன திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4 அல்லது அதற்கு இணையான ‘ஜே.எஃப்.டி. பேசிக்’ என்ற தேர்வில் தேற வேண்டும். துறைக்கான திறன் தேர்வு தனி. என்5 மட்டும் முடித்தால் இந்த விசா கிடைக்காது. விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

இந்தத் தேர்வு பழைய வடிவில் இருந்தபோது, எந்த நிலைக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று வழிகாட்டி ஒன்று இருந்தது. இன்றைய என்5-க்கு இணையான நிலைக்கு சுமார் 150 மணி நேரம், 800 சொற்கள், 100 கான்ஜி. என்4-க்கு இணையான நிலைக்கு சுமார் 300 மணி நேரம், 1,500 சொற்கள், 300 கான்ஜி.

இப்போது பள்ளிக் கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 40 நிமிட பீரியட் இரண்டு. ஆண்டுக்கு 36 வாரம் வகுப்பு நடந்தால், மொத்தம் 48 மணி நேரம்.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டு முடியும்போது 192 மணி நேரம். என்5 தாண்டலாம், என்4 எட்டாது.

ஆறாம் வகுப்பில் தொடங்கி, ஒரு வருடம்கூட விடாமல் பன்னிரண்டு வரை போனால் 336 மணி நேரம். என்4 வாசலைத் தொட்டுவிடலாம்.

இந்த ஒரு கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. திருக்கனூர் பெண் ஆறாம் வகுப்பில் தொடங்கி, எட்டாம் வகுப்பில் ஆசிரியர் மாற்றலாகி, ஒரு வருடம் வகுப்பே நடக்காமல், பத்தாம் வகுப்பில் ‘பப்ளிக் எக்ஸாம் வருது, இதெல்லாம் அப்புறம்’ என்று நிறுத்தப்பட்டால் என்ன மிஞ்சும்? ‘கொன்னிச்சிவா’வும் ‘அரிகாத்தோ’வும் மிஞ்சும். கிணற்றில் அரைக் கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள்.

ஆசிரியர் எங்கே?

அப்படித் தொடர்ந்து ஏழு வருடம் நடத்த ஆசிரியர் வேண்டும். இதுதான் மிகப் பெரிய சிக்கல்.

ஜப்பானிய மொழியில் என்2, என்3 தேறியவருக்கு ஐ.டி. நிறுவனங்களிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளிலும் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வாய்ப்பு உண்டு. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு, தற்காலிக ஆசிரியர் பணிக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வர யார் முன்வருவார்? வர நினைத்தாலும் விதிமுறை விடாது. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். வேண்டும். ஜப்பானிய மொழியும் பி.எட்.டும் சேர்த்து வைத்திருப்பவர் அபூர்வம்.

அரசுகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2017 செப்டம்பரில் இந்தியாவும் ஜப்பானும் ஐந்து ஆண்டுகளில் ஆயிரம் ஜப்பானிய மொழி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், நூறு மையங்களில் சான்றிதழ் படிப்பு தொடங்க வேண்டும் என்று இலக்கு வைத்தன. 2018-ல் டெல்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் ஒன்றும் தொடங்கியது. ஆனால், இலக்கும் மையமும் டெல்லியில் இருக்கிறது, பிள்ளைகள் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறார்கள்.

ஆசிரியர் கிடைத்தாலும் புத்தகம் பொருந்த வேண்டும். ஜப்பானிய மொழி கற்போரிடம் மிகப் பிரபலமான புத்தகம் ‘மின்னா நோ நிஹோங்கோ’. நல்ல புத்தகம்தான். ஆனால், அதன் நாயகன் மில்லர் ஒரு கம்பெனி ஊழியர். முதல் பாடத்திலேயே அலுவலக அறிமுகம். பதின்மூன்று வயதுப் பிள்ளை ‘நான் கம்பெனி ஊழியர்’ என்று சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. சைக்கிள், ஹோம்வொர்க், கிரிக்கெட், மதிய உணவு என்று தன் வாழ்க்கையைச் சொல்ல அந்தப் பிள்ளைக்குச் சொற்கள் தாமதமாகவே கிடைக்கின்றன.

பரீட்சையும் பேச்சை வளர்ப்பதில்லை. ஜே.எல்.பி.டி.யில் பேசும் தேர்வே கிடையாது. கேட்பதும் படிப்பதும், விடையைத் தேர்ந்தெடுப்பதும்தான். மதிப்பெண் வாங்கிவிடலாம், ஆனால் எதிரில் இருக்கும் ஒரு பாட்டிக்கு ‘வலிக்கிறதா’ என்று கேட்க வாய் வராது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவருக்கு அது போதுமா?

இந்தோனேசியா சொல்லும் பாடம்

இதையெல்லாம் வேறு நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? ஜப்பான் ஃபவுண்டேஷன் 2021-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, உலகம் முழுக்க கல்வி நிறுவனங்களில் ஜப்பானிய மொழி கற்பவர்கள் சுமார் 38 லட்சம் பேர். சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இந்தோனேசியாவில் மட்டும் சுமார் 7 லட்சம். இந்தியாவில் சுமார் 36 ஆயிரம்தான்.

இந்தோனேசியாவில் ஏன் அவ்வளவு? அங்கே ஜப்பானிய மொழியின் வீடு மேல்நிலைப் பள்ளி. அந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அரசுப் பாடத்திட்டத்திலேயே இரண்டாவது அயல்மொழி என்று இடம் இருந்தது, ஆசிரியர்களை உருவாக்கப் பல்கலைக்கழகங்களில் துறைகள் இருந்தன. 2013-ல் பாடத்திட்டத்தை மாற்றி, இரண்டாவது அயல்மொழி கட்டாயமில்லை என்றார்கள். 2012-ல் 8.7 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2015-ல் 7.5 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மொழி மாறவில்லை, பிள்ளைகளின் மூளையும் மாறவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரி மாறியது. அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைப் படிக்கப் புதுச்சேரிக்காரர்கள் இந்தோனேசியா வரை போகவும் வேண்டாம். பிரெஞ்சு மொழி இங்கே எப்படி நிலைத்தது? 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் இருக்கிறது. 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இன்றும் இருக்கிறது. கல்லூரியில் பிரெஞ்சு, பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, அங்கே படித்தவர் திரும்பப் பள்ளிக்கு ஆசிரியர். ‘சொல்தா’ குடும்பங்களின் பென்ஷன் முதல் பிரான்ஸில் இருக்கும் மாமா வரை, அந்த மொழிக்கு வீட்டிலும் வேலை இருந்தது. ஆர்வத்தைவிட அறுபடாத சங்கிலிதான் ஒரு மொழியை ஊரில் நிலைக்க வைத்திருக்கிறது. பள்ளியில் தொடங்கி முதுகலை வரை நீளும் அப்படி ஒரு சங்கிலி ஜப்பானிய மொழிக்குப் புதுச்சேரியில் இன்னும் உருவாகவில்லை.

ஜப்பான் மீது இந்த ஊருக்கு இருக்கும் ஆர்வம் மட்டும் நேற்று வந்ததல்ல. 1916-ல், புதுச்சேரியில் இருந்தபடி ஜப்பானியக் கவிதை பற்றி ‘சுதேசமித்திர’னில் கட்டுரை எழுதி, ஹைக்கூவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் பாரதியார். அவர் கண்ட கனவுகளின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

எல்லாப் பள்ளிகளிலும் ஜப்பானிய மொழி தொடங்க வேண்டும் என்பதல்ல தீர்வு. தொடர முடியாத இடத்தில் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஒரு கொம்யூனுக்கு ஒரு பள்ளி போதும். ஆறாம் வகுப்பில் தொடங்கி, விருப்பமுள்ள இருபது பிள்ளைகளை மட்டும் எடுத்து, பன்னிரண்டு வரை விடாமல் நடத்தினால் அதுவே பெரிய காரியம். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போய்வரலாம். வாரத்தில் ஒரு வகுப்பு நேரில், ஒரு வகுப்பு ஸ்மார்ட் போர்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். தமிழாசிரியரையும் சேர்த்துக்கொண்டால் வினையெச்சமும் வேற்றுமை உருபும் இரண்டு மொழியிலும் ஒரே நாளில் புரியும்.

பள்ளி முன்வரும்வரை வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வழிகள்:

* முதல் இரண்டு மாதம் ஹிரகானா, கதகானா மட்டும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் பழக்கத்தை அதோடு நிறுத்திவிட வேண்டும்.
* பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, ஜப்பானியப் பள்ளிக்குப் போகும் எரின் என்ற மாணவியின் கதையாக ஜப்பான் ஃபவுண்டேஷன் தயாரித்த வீடியோ பாடங்கள் இணையத்தில் இலவசம். பெரியவர்களுக்கு ‘இரோதோரி’ புத்தகமும் ஆடியோவோடு இலவசம். அவர்களின் ‘மினாத்தோ’ தளத்தில் ஆன்லைன் வகுப்புகளும் உண்டு.
* ஒரு நாளைக்கு இரண்டு கான்ஜி போதும். ஐந்து மாதத்தில் 300. மறப்பதைத் திரும்பப் படிக்க இன்னும் ஐந்து மாதம் வைத்துக்கொள்ளலாம்.
* படித்ததைத் தினமும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஏஜென்ட்டை அணுகும் குடும்பங்களுக்கு:

* வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.
* வேலை வாங்கித் தருவதற்கான சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது என்பது விதி. பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் லட்சங்கள் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் தர வேண்டாம்.
* திறன் தொழிலாளர் விசாவின் முதல் பிரிவில் பொதுவாக அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்தான் தங்க முடியும். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

மறுபடியும் அந்தத் திருக்கனூர்ப் பெண்ணிடம் வருவோம். அவளுக்கு இப்போது பத்தாம் வகுப்பு. ஏழு வருடக் கணக்கில் நான்கைந்து வருடம் போய்விட்டது. அவள் இனி தானாகப் படித்துத்தான் பிடிக்க வேண்டும், முடியாததல்ல. ஆனால், அவளுடைய தம்பி இந்த வருடம்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு முழு ஏழு வருடம் கையில் இருக்கிறது. அவன் ஜப்பான் போகலாம், போகாமல் ஒரகடத்தில் மொழிபெயர்ப்பாளராகலாம், அல்லது திருக்கனூருக்கே ஜப்பானிய மொழி ஆசிரியராகத் திரும்பி வரலாம். மூன்றாவது நடந்தால் சங்கிலியின் முதல் கண்ணி விழுந்துவிடும்.

காகிதத்தில் பொம்மை செய்யத் தெரிந்த ஊர் அது. ஒரு தருமாவைச் செய்து, பள்ளியின் மேஜையில் வைத்து, ஒரு கண்ணை வரைந்து தொடங்கலாம். ஏழு வருடம் கழித்து அடுத்த கண்ணையும் வரைவோம் என்ற உறுதி இருந்தால் மட்டும்.